பதினான்கு நொடிகளும் ஒரு மூலையும்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

குத்துச்சண்டை வீரர்கள் மோதிக்கொள்வதற்கு நேரக் கணக்கு உண்டு. மூன்று நிமிடம் மோதினால் ஒரு நிமிடம் ஓய்வு, கடைசி மணி அடித்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரசிகர்களுக்கு அந்த மணி அடிப்பதே இல்லை. 1927-ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த ஒரு மறுமோதலைப் பற்றி, அதை நேரில் பார்த்தவர்கள் மறைந்த பிறகு அவர்கள் பேரப்பிள்ளைகள் வாதாடினார்கள். இப்போது அந்தப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் வாதாடுகிறார்கள். இந்த வழக்கில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. அதை ஒளிக்காமல் சொல்லிவிடத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மோதியவர்கள் ஜாக் டெம்ப்சியும் ஜீன் டன்னியும். டெம்ப்சி 1919 ஜூலை 4 அன்று டொலீடோ நகரில் ஜெஸ் வில்லார்ட் என்ற மலைபோன்ற மனிதரை முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் சாய்த்து, ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவின் பட்டத்தைப் பிடித்தவர். டன்னி முதல் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைத் தரைவீரராகப் பிரான்சுக்குப் போய் வந்தவர். கையில் புத்தகம் இல்லாமல் பயிற்சி முகாமுக்கு வரமாட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரைப் பற்றி மாணவர்களுக்கு உரையாற்றிய ஒரே ஹெவிவெயிட் சாம்பியன் அவராகத்தான் இருப்பார்.

முதல் மோதல் 1926 செப்டம்பரில் பிலடெல்பியாவில் நடந்தது. கொட்டும் மழையில் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் நனைந்துகொண்டே பார்த்தார்கள். டன்னி பத்துச் சுற்றும் தள்ளி நின்று குத்திக் குத்தியே பட்டத்தை வாங்கிவிட்டார். டெம்ப்சியின் முகம் வீங்கிக் கிடந்தது. என்ன ஆயிற்று என்று கேட்ட மனைவியிடம், "குனிய மறந்துவிட்டேன், கண்ணே" என்றாராம். 1981-இல் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்ட அதிபர் ரீகன், தம் மனைவியிடம் இதே வசனத்தைத்தான் சொன்னார்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். பட்டம் கையில் இருந்த காலத்தில் டெம்ப்சியை அமெரிக்க மக்களில் பலருக்குப் பிடிக்காது. போருக்குப் போகாமல் தப்பித்தவர் என்ற பழி இருந்தது. 1920-இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தும் பழி போகவில்லை. போருக்குப் போய்வந்த டன்னியைத்தானே அந்த மக்கள் கொண்டாடியிருக்க வேண்டும்? நடந்தது தலைகீழ். தோற்ற மறுநாளிலிருந்து டெம்ப்சி ஊரின் செல்லப்பிள்ளை ஆனார். வென்ற டன்னியை, படித்தவன் என்ற திமிர் பிடித்தவர் என்றார்கள். மறுமோதலுக்கு வந்த கூட்டத்தில் பெரும்பகுதி எந்த மூலையில் நின்றது என்பது தெரியாமல், பின்னால் வந்த சர்ச்சையைப் புரிந்துகொள்ள முடியாது.

1927 செப்டம்பர் 22, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கம். ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம், 26 லட்சம் டாலருக்கு மேல் டிக்கெட் வசூல். டன்னியின் பங்கு 9,90,445 டாலர். பத்து லட்சத்துக்குக் குறைந்த மீதியைத் தன் கணக்கிலிருந்து அமைப்பாளர் டெக்ஸ் ரிக்கார்டிடம் கொடுத்து, முழுசாகப் பத்து லட்சம் டாலருக்கு ஒரே காசோலையாக வாங்கிக்கொண்டார். ஷேக்ஸ்பியர் படித்தவருக்கும் இந்த ஆசை இருந்திருக்கிறது.

இல்லினாய் மாநிலத்தில் ஒரு விதி இருந்தது. எதிராளியை வீழ்த்தியவர் மிகத் தொலைவில் உள்ள நடுநிலை மூலைக்கு, அதாவது இருவருக்கும் சொந்தமில்லாத மூலைக்குப் போய் நிற்க வேண்டும். அப்படிப் போகாவிட்டால், வீழ்ந்தவருக்காக நடுவர் பத்துவரை எண்ணும் எண்ணிக்கை (அதற்குள் எழாவிட்டால் தோல்வி) நிறுத்திவைக்கப்படும். சண்டை தொடங்குமுன் நடுவர் டேவ் பாரி இருவரையும் கயிறு கட்டிய சண்டை மேடையான வளையத்தின் நடுவே அழைத்து இதை மறுபடியும் நினைவூட்டினார். இந்த விதியைக் கேட்டு வாங்கியதே டெம்ப்சியின் ஆட்கள்தான் என்றும் ஒரு செய்தி உண்டு. வளையம் இருபது அடிச் சதுரமாக இருக்க வேண்டும் என்று கேட்டது டன்னி தரப்பு. ஓடி விளையாடுகிறவருக்கு இடம் வேண்டுமல்லவா?

ஆறு சுற்றுவரை பிலடெல்பியா கதைதான். ஏழாவது சுற்றில் டெம்ப்சி டன்னியைக் கயிற்றோரம் நெருக்கிப் பிடித்துவிட்டார். வளைத்து வீசிய ஓர் இடதுகைக் குத்து, அதன் பின்னாலேயே சரமாரியாகக் குத்துகள். டன்னி சரிந்தார். அவருடைய தொழில் வாழ்வில் அதுவரை யாரும் அவரை வீழ்த்தியதில்லை. இடக்கை கயிற்றைப் பிடித்திருக்க, கண்ணில் எதுவும் பதியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டெம்ப்சி போகவில்லை. பக்கத்து மூலையிலேயே, டன்னி எழுந்ததும் பாய வசதியாக, நின்றுகொண்டிருந்தார். பாரி கையை நீட்டிப் போகச் சொன்னார். டெம்ப்சிக்கு ஏறவில்லை. பிறகு ஒருவழியாகப் போனார். வளையத்துக்கு வெளியே நேரக் காப்பாளர் பால் பீலர் அதற்குள் ஐந்துவரை எண்ணிவிட்டார். பாரி திரும்பி வந்து 'ஒன்று' என்று தொடங்கினார். அவர் 'ஒன்பது' என்றபோது டன்னி எழுந்தார். தரையில் இருந்த நேரம் ஏறத்தாழ பதினான்கு நொடி. கூட்டியும் குறைத்தும் சொல்கிறவர்கள் உண்டு. கையால் சுற்றிய அக்காலக் கேமராவின் படத்தை வைத்து நொடி அளந்தால் அப்படித்தான் ஆகும்.

எழுந்த டன்னி என்ன செய்தார்? பின்வாங்கி ஓடினார். இருபது அடி வளையம் முழுவதும் ஓடினார். துரத்திக் களைத்த டெம்ப்சி ஒரு கட்டத்தில் நின்று, கையுறையால் 'வா, வந்து சண்டை போடு' என்று சைகை காட்டினார். டெம்ப்சி ரசிகர்களுக்குக் கோவில் சிலைபோன்ற காட்சி அது. பத்துச் சுற்று முடிந்ததும் தீர்ப்பு ஒருமனதாக டன்னிக்குப் போனது. டெம்ப்சி தரப்பு முறையீடு செய்தது, தள்ளுபடி ஆனது.

இனி வழக்குக்கு வருவோம். டெம்ப்சி கட்சி கடிகாரத்தைக் காட்டுகிறது: பத்து நொடிக்கு மேல் தரையில் கிடந்தவன் எப்படிச் சாம்பியன்? அவர்களில் கெட்டிக்காரர்கள் இன்னும் ஒரு படி போவார்கள். நடுவர் நேரக் காப்பாளரின் எண்ணிக்கையோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அவர் ஐந்தில் இருக்கும்போது இவர் எப்படி ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்பார்கள். நல்ல கேள்வி. டன்னி கட்சியின் பதில்: மூலைக்குப் போகாதவரை எண்ணவே கூடாது என்பதுதானே விதி? எண்ணியிருக்கக் கூடாத பீலரின் ஐந்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நான் டன்னி பக்கம். காரணம் எளியது. தரையில் கிடப்பவன் கேட்பது நடுவரின் குரலை. பயிற்சி பெற்ற எந்தக் குத்துச்சண்டை வீரனும் ஒன்பதுவரை ஓய்வெடுத்துத்தான் எழுவான். அதற்காகத்தான் எண்ணிக்கையே இருக்கிறது. இரண்டு என்ற குரல் காதில் விழுந்ததிலிருந்து தனக்கு நினைவு தெளிந்துவிட்டது, வேண்டுமானால் முன்பே எழுந்திருப்பேன் என்று டன்னி சாகும்வரை சொன்னார். உண்மையா? அவருக்கு மட்டுமே தெரியும், ஒருவேளை அவருக்கும் தெரியாது. ரசிகர்கள் நூறாண்டாக மண்டையை உடைத்துக்கொள்வது இந்த விடையில்லாக் கேள்விக்குத்தான். டெம்ப்சி போயிருந்தால் எண்ணிக்கை உடனே தொடங்கியிருக்கும் என்ற ஒன்றுதான் சந்தேகத்துக்கு இடமில்லாதது. அந்த நொடிகளை டன்னிக்குக் கொடுத்தவர் டெம்ப்சிதான்.

டெம்ப்சி ஏன் போகவில்லை? பழக்கம். வீழ்ந்தவன் தலைமாட்டிலேயே நின்று, எழுந்து முழங்கால் நிமிருமுன் அடிப்பதுதான் அவருடைய சண்டை முறை. வில்லார்டை அப்படித்தான் முடித்தார். 1923-இல் நியூயார்க்கில் அர்ஜென்டினா வீரர் லூயிஸ் ஃபிர்போவையும் அப்படித்தான் முடித்தார். அந்தச் சண்டையின் முதல் சுற்றில் ஃபிர்போ அடித்த ஒரே அடியில் டெம்ப்சி கயிறுகளுக்கு நடுவே பறந்து பத்திரிகையாளர்கள் மேசைமேல் போய் விழுந்தார். அவர்கள்தான் அவரைத் தூக்கி உள்ளே தள்ளினார்கள். வெளி ஆட்கள் உதவிய வீரரின் பட்டம் செல்லுமா என்று அர்ஜென்டினாக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். சிகாகோவின் ஐந்து நொடிக்காக நெஞ்சில் அடித்துக்கொள்ளும் டெம்ப்சி ரசிகரிடம் நியூயார்க்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், மீசையில் மண் ஒட்டவே இல்லை என்பார்.

ஆனால் டன்னி கட்சியில் இருந்துகொண்டே நான் ஒரு குற்றச்சாட்டை வைக்க வேண்டியிருக்கிறது. எட்டாவது சுற்று. இம்முறை டன்னி குத்த, டெம்ப்சி ஒரு முழங்கால் ஊன்றினார். பாரி என்ன செய்தார்? டன்னி நடுநிலை மூலைக்குப் போனாரா என்று பார்க்கவே இல்லை. உடனே எண்ணத் தொடங்கிவிட்டார். பாரி 'ஒன்று' சொல்லி முடிக்குமுன் டெம்ப்சி எழுந்துவிட்டதால் முடிவில் இதனால் மாற்றம் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எனினும் ஒரே நடுவர், ஒரே இரவு, ஒரே விதி. முந்தைய சுற்றில் ஒருவருக்கு எழுத்துப் பிசகாமல், அடுத்த சுற்றில் மற்றவருக்குக் கண்டுகொள்ளாமல். உண்மையான கேவலம் இதுதான். விந்தை என்னவென்றால், ஏழாவது சுற்றை நொடி நொடியாக ஒப்பிக்கும் ரசிகர்களில் பலருக்கு எட்டாவது சுற்று நினைவில்கூட இல்லை. சிகாகோ தாதா அல் கபோனின் பந்தயப் பணம், கடைசி நேரத்தில் நடுவரை மாற்றியது என்று துப்பறியும் கதைகளுக்குப் போய்விடுகிறார்கள். சிகாகோ என்றாலே கபோனை இழுக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது. அந்தக் கதைகளால் வழக்கு ஒரு அங்குலம்கூட நகராது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 மே மாதம் ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃபியூரியை ஒன்பதாவது சுற்றில் கயிற்றுக்குக் கயிறு உருட்டி அடித்தார். ஃபியூரி கீழே விழவில்லை, கயிறுகள் தாங்கிக்கொண்டன. நடுவர் குறுக்கே புகுந்து, அதை வீழ்ச்சியாகக் கொண்டு எண்ணினார். உசிக் ரசிகர்கள் கொதித்தார்கள்: இன்னும் இரண்டு குத்து விட்டிருந்தால் முடிந்திருக்கும், எண்ணிக்கை ஃபியூரியைக் காப்பாற்றிவிட்டது! ஃபியூரி ரசிகர்கள் மறுபக்கம் கொதித்தார்கள்: விழாதவனுக்கு எதற்கு எண்ணிக்கை? அந்த ஒரு சுற்றுதானே புள்ளியைக் கவிழ்த்தது! இரு கட்சியும் ஒரே நடுவரைத் திட்டின. டிசம்பரில் மறுமோதல் நடந்தது. மூன்று நீதிபதிகளும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள். வாக்குவாதம் அடங்கியதா? தான்தான் வென்றேன் என்று ஃபியூரியே சொன்னபோது ரசிகர்கள் எப்படி அடங்குவார்கள்?

சிகாகோவுக்குத் திரும்புவோம். மூன்றாவது மோதல் நடத்த ரிக்கார்ட் துடித்தார். கண் பார்வைக்கு அஞ்சி டெம்ப்சி மறுத்துவிட்டார். டன்னி 1928-இல் டாம் ஹீனியை வீழ்த்திவிட்டு, பட்டத்தோடே ஓய்வு பெற்றார். அந்தச் சண்டையில் ரிக்கார்டுக்கு நஷ்டம். கூட்டம் வேண்டுமென்றால் டெம்ப்சி வேண்டும் என்பது அவருக்கு அப்போது உறைத்திருக்கும். நல்ல வேளையாக, மோதிய இருவரும் நெருங்கிய நண்பர்களாகவே முதுமை எய்தினார்கள். ரசிகர்களுக்குத்தான் சமாதானம் இல்லை.

சிகாகோ சண்டையின் படத்துக்கும் ஒரு கதை உண்டு. கறுப்பின சாம்பியன் ஜாக் ஜான்சன் வெள்ளையரை வீழ்த்தும் காட்சி ஊர் ஊராகப் போகக் கூடாது என்ற நோக்கில், குத்துச்சண்டைப் படங்களை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதை 1912-இல் சட்டம் தடை செய்திருந்தது. அந்தத் தடை 1927-இலும் இருந்தது. படம் எல்லை தாண்டிப் போனது, தியேட்டர்களில் ஓடியது, ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்து எண்ணினார்.

அதே படத்தை இப்போது இங்கே திரையிடப் போகிறார்கள். ஏழாவது சுற்றில் நீங்கள் எண்ணத்தான் போகிறீர்கள், எண்ணுங்கள். எட்டாவது சுற்றில் மட்டும் விழுந்தவரை விட்டுவிட்டு, நிற்கிற டன்னி எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பார்த்த பிறகும் பாரிக்காக வாதாட யாராவது இருந்தால், தேநீர் நேரத்தில் அவரோடு ஒரு மறுமோதலுக்கு நான் தயார்.