கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

1077 ஜனவரி மாதக் கடுங்குளிரில், வட இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி அரச உடைகளைக் களைந்து, கம்பளி அங்கி உடுத்தி, வெறுங்காலுடன் மூன்று நாள் அழுது மன்றாடினார். உள்ளே இருந்தவர் போப்பாண்டவர் ஏழாம் கிரிகோரி. 'இது திருத்தூதரின் கண்டிப்பு அன்று, கொடுங்கோலனின் கொடுமை' என்று உடனிருந்தவர்களில் சிலரே தம்மைக் கடிந்துகொண்டதாக, கிரிகோரியே ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆயர், அதாவது பிஷப், பதவியேற்கும்போது மோதிரத்தையும் கோலையும் அவர் கையில் கொடுப்பது மன்னரா, திருச்சபையா என்பதே இருவருக்கும் இடையிலான வழக்கு. சடங்குச் சண்டைபோலத் தோன்றும். ஆனால், அக்கால ஜெர்மனியில் ஆயர் என்பவர் பெருநிலக்கிழார், மன்னரின் போருக்கு வீரர்களை அனுப்பக் கடமைப்பட்டவர். மணமாகாதவர் என்பதால் அவருக்குப் பின் பதவியையும் நிலத்தையும் கோர மகன் எவரும் இல்லை; மன்னர் தமக்கு வேண்டியவரை அங்கே அமர்த்திக்கொள்ளலாம். இந்த உரிமையை ஹென்றி எப்படி விட்டுக்கொடுப்பார்? மிலான் நகர ஆயர் பதவியில் முற்றிய பூசலில், 1076 ஜனவரியில் அவர் கிரிகோரியைப் பதவி விலகச் சொன்னார்; அடுத்த மாதமே கிரிகோரி மன்னரைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிகள் அவருக்குச் செய்துகொடுத்த விசுவாசப் பிரமாணமும் இனிச் செல்லாது என்று அறிவித்தார்.

ஏற்கெனவே மன்னர்மேல் கசப்புற்றிருந்த பிரபுக்களுக்கு இது வாய்ப்பாயிற்று. ஓராண்டுக்குள் விலக்கு நீங்காவிட்டால் அவரை மன்னராக ஏற்பதில்லை என்று கெடு விதித்தார்கள். அதனால்தான் மனைவியோடும் குழந்தையோடும் பனிமூடிய ஆல்ப்ஸ் மலையை அவர் கடந்தார். இதை வெறும் அவமானமாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரசியல்வாதியாக கிரிகோரி கதவை அடைத்துவைத்திருக்கலாம்; குருவாக, மனம்வருந்தி நிற்பவனைத் திருப்பி அனுப்ப அவரால் முடியாது. அந்த இக்கட்டில் அவரை நிறுத்தி, மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு திரும்பினார் ஹென்றி.

மன்னிப்போடு பகை தீரவில்லை. 1084-இல் அதே ஹென்றி ரோமைக் கைப்பற்றினார். ரோமைவிட்டு வெளியேறிய கிரிகோரி, அங்கே திரும்பாமலே மறு ஆண்டு தென் இத்தாலியின் சலேர்னோவில் இறந்தார்.

உடன்பாடு 1122-இல் வோர்ம்ஸ் நகரில்தான், இருவருடைய வாரிசுகளின் காலத்தில் ஏற்பட்டது. மோதிரமும் மேய்ப்பரின் கோலும் திருச்சபைக்கு. நில உரிமைக்கு அடையாளமான செங்கோலைக் கொடுப்பது பேரரசரான ஜெர்மானிய மன்னருக்கு. அவருடைய பேரரசுக்கு உட்பட்ட இத்தாலியிலும் பர்கண்டியிலும் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பிறகு, ஆறு மாதத்துக்குள் அது வழங்கப்படும். ஜெர்மனியிலோ அதற்கு முன்பே.