முள் இல்லாத வீக்கம்

(தங்கச்சிமடத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். காற்று பலமாக இருக்கிறது, மைக் இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெளுத்தி முள் குத்தாத கை இந்தக் கூட்டத்தில் எத்தனை இருக்கும்? பாசிக்குப் போகிற அக்காமார் விரலில் துணி சுற்றிக்கொண்டாலும் பாறை கிழித்துவிடும். கிழித்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும், விண்விண்ணென்று தெறிக்கும். கிருமி உள்ளே தங்காவிட்டால் சில நாளில் வடிந்துவிடும். இதற்குப் பெயர்தான் அழற்சி. காயத்தை ஆற்றுவதற்கு உடம்பு பார்க்கிற வேலை அது.

1882-இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். கண்ணாடி போன்ற உடம்பு, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிக் காவல் செல்கள் மொய்த்துக்கிடந்தன. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு. நாம் நட்சத்திர மீனை வலையிலிருந்து உதறி எறிகிறோம், அது வேறு கதை.

வயதானால் முள்ளே குத்தாமல் இந்த வேலை சன்னமாக நடந்துகொண்டே இருக்கிறது. வலியும் இல்லை, வீக்கமும் தெரியாது. பிரான்செஸ்கி என்ற இத்தாலியர் 2000-இல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். தமிழில் மூப்பழற்சி என்று வைத்துக்கொள்வோமே. பிரிவதை நிறுத்திவிட்ட கிழட்டுச் செல்கள் சாகாமல் கிடந்து, 'ஆள் வா, ஆள் வா' என்று ரசாயனங்களைக் கக்குகின்றன. தொப்பைக் கொழுப்பும் சேர்ந்து கூப்பிடுகிறது. ரத்தக்குழாய் தடிப்பதிலும் சர்க்கரை நோயிலும் இதற்குப் பங்கு உண்டு.

கூப்பாடு கூடுகிறது, புது ஆள் வரத்தோ குறைகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி, கிருமியோடு சண்டை போடுகிற டி செல்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. வாலிபம் தாண்டினால் சுருங்கிக் கொழுப்பாகிவிடும்.

வயதானால் கிருமி வந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். அப்படித்தான் போன மழைக்காலத்தில் ஓர் அப்பத்தாவை வெகு தாமதமாகக் கூட்டிவந்தார்கள். "காய்ச்சலே இல்லையே டாக்டர், சோறுதான் இறங்கலை, பேச்சு குழறுது" என்றான் பேரன். பார்த்தால் நுரையீரலில் நிமோனியா. வயதானவர்களுக்கு உடம்பு சுடாமலே நிமோனியா வரலாம். இதை மட்டுமாவது வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

சரி, அழற்சியை மருந்து போட்டு அணைத்துவிட்டால்? மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. முடிவு 2017-இல் வந்தது. 'ஆள் வா' என்று கூப்பிடுகிற அந்த ரசாயனங்களில் ஒன்றை மட்டும் ஊசியால் தடுத்தார்கள். மாரடைப்பு குறைந்தது. ஆனால் தொற்றுநோயால் இறந்தவர்கள் கொஞ்சம் கூடினார்கள். காவலாளியைத் தூங்க வைத்தால் திருடனுக்குத்தானே வசதி! கடையில் வாங்கித் தினமும் போடுகிற வலி மாத்திரையும் இதற்கு மருந்தில்லை. வயிறு புண்ணாகும், கிட்னி கெடும்.

அதைவிட ஈறைப் பாருங்கள். அங்கே மாதக்கணக்கில் புண் ஆறாமல் இருந்தால் ரத்தத்தில் அழற்சி அளவு ஏறுகிறது. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள். புகையிலை போடுகிறவர்களும்தான்.

அடேயப்பா, இத்தனை பேரா? அந்த ஓரத்தில் டார்ச் லைட்டோடு ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். வரிசையாகப் போங்கள், பெரியவர்கள் முதலில்.