பெண்தான், ஆனாலும் கண்ணாடி உறுத்தும்

(காட்சி: காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. வளவில் பழைய பெல்ஜியம் கண்ணாடி.)

இந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தாடையில் முளைத்த முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறேன். அப்போது எனக்கு வயது 19. கண்டாங்கிச் சேலை கட்டி, பூவும் வைத்தாகிவிட்டது. பந்தியில் ஒரு ஆச்சி தாடையைத் தொட்டு, "என்னடி, ஆம்பளப் பிள்ளையாட்டம்?" என்றார். கையில் எடுத்த வெள்ளைப் பணியாரம் இலையிலேயே கிடந்தது.

நான் பெண் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பிறந்தபோது சொன்ன பாலினமே தன்னுடையது என்று உணர்கிறவர்களை சிஸ்ஜெண்டர் என்கிறார்கள். அப்படியென்றால் அன்று என்னை வாட்டியது என்ன?

ஜெண்டர் டிஸ்போரியா, அதாவது பாலின மனவுளைச்சல் என்ற பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் "பாலின அடையாளக் கோளாறு" என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு இதை வைத்தது. அடையாளம் நோயல்ல, உளைச்சலுக்குத்தான் உதவி வேண்டும் என்பதற்காக. நோயறிதலாக எழுத, பிறப்பில் குறித்த பாலினத்துக்கும் உள்ளே உணர்வதற்கும் குறைந்தது 6 மாதம் தெளிவான முரண் இருக்க வேண்டும். எனக்கு அந்த முரண் இல்லை. டாக்டர் சீட்டில் அந்தச் சொல் வராது. ஆனால் என் உடம்பே என்னைப் பெண் இல்லை என்று சொல்வதுபோல் இருந்ததே, அந்த வலி பொய்யில்லை.

எனக்குக் காரணம் பிசிஓஎஸ், பெண்களுக்கு வரும் ஒரு ஹார்மோன் கோளாறு. ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோன் கூடும், மாதவிலக்கு தள்ளிப்போகும், முகத்தில் முடி வரும். மாத்திரையின் பலன் முடியில் தெரியவே 6 மாதம் ஆகலாம். இதை முதலிலேயே சொல்லாததால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பால் வரும் இந்த மாதிரி வலி பையன்களுக்கும் உண்டு. பருவ வயதில் மார்பு பருத்தவன் சட்டையைக் கழற்றி ஊருணியில் இறங்க மாட்டான். பெரும்பாலும் 2 வருடத்துக்குள் அது தானாக வடிந்துவிடும்.

அப்புறம், ஹார்மோன் எல்லாம் சரியாக இருந்தும் தவிக்கிறவர்கள். என் சித்தி மகள் அப்படித்தான். "பொம்பளப் பிள்ளை அடக்கமா உட்காரு" என்ற பேச்சு பிடிக்காதது வேறு, அது யாருக்குத்தான் பிடிக்கும்? இவளுக்கோ சடங்கு சுற்றிய நாளிலிருந்து மார்பே பாரம். "திருநம்பியா இருப்பேனோன்னு ரொம்ப யோசிச்சேன்க்கா. இல்ல, நான் பொண்ணுதான். ஆனா இந்த உடம்பு என்னோடதுன்னு தோணல" என்றாள். (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்கிறவர் திருநம்பி.)

நான் அவளை எந்தப் பக்கமும் தள்ளவில்லை. "சும்மா மனப்பிரமை" என்பதும் தப்பு, "நீ கண்டிப்பாகத் திருநம்பிதான்" என்று நாமே முடிவு கட்டுவதும் தப்பு. நாளைக்கு அவள் வேறு சொன்னாலும் சரி, இதையே சொன்னாலும் சரி, சொல்ல வேண்டியவள் அவள்.

பேச ஆள் வேண்டுமா? 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். அவள் முதலில் பேசியதும் அங்கேதான். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, 40 நிமிடம்.