எந்த இயந்திரம், எந்த வருடம்?

நேயர்களுக்கு வணக்கம். நீராவி ரயில் இயந்திரத்துக்கு மாதிரி செய்யப்போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, பித்தளைத் தகடு எங்கே வாங்கலாம் என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பேன்: எந்த இயந்திரம், எந்த வருடம்? “பழைய கோச்சிதானே ஐயா, ஏதோ ஒன்று” என்பார்கள். அந்த ‘ஏதோ ஒன்று’ இருக்கும்வரை ஓர் ஆணிகூடச் சரியான இடத்தில் விழாது.

இயந்திரம் பட்டறைக்குப் போய் வரும்போதெல்லாம் மாறும். கொதிகலனைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவார்கள், புகைபோக்கியை மாற்றுவார்கள், விளக்கு இடம் மாறும். இலக்கம் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே இலக்கத்தோடு வருடத்தையும் தீர்மானிக்க வேண்டும்.

வருடம் என்றதும் நம்முடைய யாழ்ப்பாண ரயில் பாதையின் கதையும் கூடவே வருகிறது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902 இல் ரயில் ஓடத் தொடங்கியது. கொழும்போடு இணைப்பு வந்தது 1905 இல். ஆகவே 1903 ஆம் ஆண்டு யாழ்ப்பாண ஸ்டேசனைச் செய்கிறவர் அதில் கொழும்பு மெயிலை நிறுத்த முடியாது. அதேபோல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் ஓடும் யாழ்தேவி ரயில் தொடங்கியது 1956 ஏப்ரலில். அதற்கு இரண்டு வருடம் முன்பே கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன. நீராவி இயந்திரத்தின் நெற்றியில் யாழ்தேவிப் பலகையைப் பூட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் எனக்கு ஒரு படம் காட்டட்டும்.

அடுத்தது தண்டவாள அகலம். நமது அகலப் பாதை ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். 76இல் ஒரு பங்காகச் செய்தால் 22 மில்லிமீற்றர் வரவேண்டும். கடையில் அந்த அளவுக்கு விற்கிற தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். அது நிஜத்தில் 4 அடி 1½ அங்குலத்துக்குச் சமம். அதன்மேல் ஏற்றினால் இயந்திரம் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். பரவாயில்லை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அதை இலங்கை இயந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வரைபடம் கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். இலங்கைக்கு இயந்திரங்கள் கட்டி அனுப்பிய பேயர் பீக்கொக் கம்பனியின் ஆவணங்கள் மான்செஸ்டர் அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நல்ல சொத்துத்தான். ஆனால் வரைபடம் காட்டுவது கம்பனி கட்ட நினைத்த இயந்திரத்தை. பிறகு இரத்மலானைப் பட்டறையில் செய்த மாற்றம் அதில் இராது. அதற்குப் படங்கள்தான் வேண்டும்.

படத்திலும் ஏமாறலாம். கம்பனி எடுத்த அழகான படங்களில் பல, இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் பூசி எடுத்தவை. கோடுகள் தெளிவாகத் தெரிவதற்காக அப்படிச் செய்தார்கள். அந்த நிறத்தில் இயந்திரம் வேலைக்குப் போகவில்லை. பழைய பிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறம் சொல்கிறவர் சாத்திரம் சொல்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

படத்திலிருந்து அளவு எடுக்கலாம், பக்கவாட்டில் நேராக எடுத்த படமாக இருந்தால். பெரும்பாலும் சில்லின் விட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அது வேண்டாம். சில்லின் இரும்புப் பட்டை தேயும், தேய்ந்ததைக் கடைந்து சீராக்கும்போது இன்னும் குறையும். புத்தகத்தில் இருப்பது புதுப் பட்டையின் அளவு. அச்சுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் தேயாது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒரு பக்கத்துப் படத்தை வைத்து மறுபக்கத்தைக் கண்ணாடி பார்த்ததுபோல் செய்துவிடக் கூடாது. இரண்டு சிலிண்டர் இயந்திரத்தில் இடது, வலது கிராங்குகள், அதாவது சில்லைச் சுழற்றும் கைகள், 90 பாகை விலகி நிற்கும். இல்லாவிட்டால் இயந்திரம் நின்ற இடத்திலிருந்து கிளம்பாமல் சிக்கிக்கொள்ளக்கூடும். குழாய்கள் ஓடும் விதமும் இரு பக்கமும் ஒன்றல்ல.

ரயிலில் வேலை செய்த பெரியவர்களிடம் கதைக்கலாம், கதைக்கத்தான் வேண்டும். ஆனால் என்ன நிறம் என்று கேட்காதீர்கள், ஆளுக்கொரு நிறம் வரும். கரி அள்ளும்போது எந்தப் பக்கம் திரும்புவீர்கள், ஏறும்போது எந்தக் கம்பியைப் பிடிப்பீர்கள் என்று கேளுங்கள். கை மறக்காது. அப்புறம், யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்தபோது எத்தனையோ பழைய பத்திரிகைகள் போய்விட்டன. ஆகவே உங்கள் வீட்டு அல்பத்தில், கல்யாணத்துக்குப் போன குடும்பம் ஸ்டேசனில் நிற்கிற படத்தின் பின்னால் அரைவாசி இயந்திரம் தெரிந்தாலும் எறிந்துவிடாதீர்கள். படத்தின் முதுகில் திகதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடுகண்ணாவையில் புகையிரத அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டிப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பாருங்கள். அனுமதி கேட்டு, அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். முகப்பை எல்லாரும் எடுப்பார்கள். நீங்கள் குனிந்து சில்லுகளுக்குப் பின்னாலுள்ள பிரேக் கம்பிகளை எடுங்கள், ஏனென்றால் பழைய படங்களில் அந்த இடம் முழுக்கக் கறுப்பாகத்தான் விழுந்திருக்கும். நன்றி, வணக்கம்.