கடலூர் பின்கோடு பகா எண்ணா, பகு எண்ணா?

வணக்கம் மக்களே! மஞ்சக்குப்பத்தில் நின்றுதான் பேசுகிறேன், நடுவில் பஸ் ஹார்ன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஏரியா பின்கோடு 607001. இது பகா எண்ணா? பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 14, அதனால் 3-ஆலும் வகுபடாது. பாண்டிச்சேரி மக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் 605001 இங்கேயே அவுட். கூட்டினால் 12, மூன்றால் வகுத்தால் 201667, முடிந்தது கதை.

சரி, நம்முடையதை என்ன செய்வது? ஆறு லட்சம் வரைக்கும் வகுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால் அதில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தே தீர வேண்டும், இரண்டுமே அதைத் தாண்டினால் பெருக்கல் எகிறிவிடுமே! 607001-இன் வர்க்கமூலம் 779 சொச்சம், அதற்குள் இருக்கும் பகா எண்கள் 137, ஆக மொத்த வேலையே அவ்வளவுதான். 541-ஐ 1122-ஆல் பெருக்கினால் 607002 வரும், ஒன்றில் தப்பிக்கிறது. 607-ஆல் வகுத்தால் மீதி 1, மறுபடியும் தப்பிக்கிறது. கடைசியாக 773 வரை எதற்கும் மடியவில்லை. பகா எண்தான்!

இதைவிட வேடிக்கை, கடலூர் ஓ.டி., அதாவது பழைய நகரத்தின் 607003-உம் பகா எண். இரண்டு தள்ளி இரண்டு பகா எண்கள், அதாவது இரட்டைப் பகா எண்கள். நடுவில் மாட்டிக்கொண்ட திருப்பாதிரிப்புலியூர் 607002, பாவம், அது இரட்டைப்படை, வேறு வழியே இல்லை.

ஆறு இலக்கத்துக்கு இது போதும். ஆனால் இணையத்தில் நம் தகவலைப் பூட்டி வைக்கும் ஆர்எஸ்ஏ முறைக்கு முந்நூறு இலக்கப் பகா எண்கள் வேண்டும். அங்கே வர்க்கமூலமே நூற்றைம்பது இலக்கம், வகுத்துப் பார்ப்பது ஜென்மத்துக்கும் நடக்காது.

அதனால்தான் ஆட்டத்தையே மாற்றுகிறார்கள், காரணியைத் தேடுவதே இல்லை. 1640-இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் சொன்னது இது: பகா எண் ஒன்றை எடுங்கள், அதால் வகுபடாத எந்த எண்ணையும் அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதாலேயே வகுத்தால் மீதி 1 வரும். 91-ஐச் சோதிப்போம். 2-இன் 12-ஆம் அடுக்கு 4096, 91-ஆல் வகுத்தால் மீதி 1. 90-இல் ஏழு 12 போக மிச்சம் 6, ஆக 2-இன் 90-ஆம் அடுக்குக்கு மீதி 2-இன் 6-ஆம் அடுக்கு, 64. ஒன்று வரவில்லை, அப்போது 91 பகு எண். 7-ஐயும் 13-ஐயும் நாம் தொடவே இல்லை, கவனித்தீர்களா? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இப்படித்தான் 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண் இல்லை என்று 1876-இல் லூக்கா என்ற கணிதர் வேறொரு சோதனையில் கண்டுபிடித்தார், காரணி தெரியாமலே. கோல் என்பவர் அதைப் பிரித்துக் காட்டியது 1903-இல்தான்: 193707721 × 761838257287.

ஆனால் ஃபெர்மா சோதனையை அப்படியே நம்பாதீர்கள். அதே 91-ஐ 2-க்குப் பதில் 3 வைத்துச் சோதித்தால் மீதி 1 வந்து பகா எண் மாதிரி நடிக்கும். 561 இன்னும் மோசம், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்தாலும் ஏமாற்றும். இந்தத் திருட்டையும் பிடிக்கத்தான் மில்லர்–ராபின் சோதனை. பகு எண் ஒரு சுற்றில் தப்பிக்க அதிகபட்சம் நாலில் ஒரு வாய்ப்பு, வேறு வேறு எண் வைத்து இருபது சுற்று ஓட்டினால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

கிட்டத்தட்ட எல்லாம் வேண்டாம், உறுதியாகச் சொல்லு, அதுவும் நியாயமான நேரத்தில் சொல்லு என்றால் அதற்கும் 2002-இல் வழி கிடைத்தது. ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூன்று பேரும் கொடுத்தது, ஏகேஎஸ் என்பார்கள். நடைமுறையில் மில்லர்–ராபின்தான் வேகம், அதனால் ஆர்எஸ்ஏ பூட்டுக்குச் சாவி தயாரிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். சரி, உங்கள் ஊர் பின்கோடைச் சோதித்து கமென்ட்டில் போடுங்கள், இரட்டைப்படை ஊர்க்காரர்கள் சிரமப்பட வேண்டாம்.