ஏசி/டிசியின் கறுப்பு ஆல்பமும் பிரையன் ஜான்சனின் காதும்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் நமக்காகக் கதவைத் திறந்துவைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் பேச்சில் பாதியைத் தானே பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, பொன்னாடை வேண்டாம், புத்தகம் போதும் என்று நான் கேட்டுக்கொண்டதும் இரண்டையுமே கொடுத்துவிட்ட பொருளாளர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மாவும் முதல் வரிசையில் இருக்கிறார்கள். ராக் இசைக் கூட்டத்தில் அவருக்கு என்ன வேலை என்று சிலர் பார்க்கிறீர்கள். போகப் போகத் தெரியும். நகர்மன்ற உறுப்பினர் அவர்களுக்கு இதற்கடுத்து இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றனவாம். இருந்தும் கடைசிவரை இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் இருந்தே ஆகவேண்டும், கடைசியில் அவரிடம் ஒரு வேலை இருக்கிறது.

மூன்று விஷயங்கள் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். பாடகர் போன பிறகு ஒரு ராக் இசைக்குழு எப்படி ஒரு புது ஆல்பம் போட்டது என்பது ஒன்று. அதே நிலைமையில் மற்ற குழுக்கள் என்ன செய்தன என்பது இரண்டு. புதுப் பாடகரிடம் ரசிகர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மூன்று. முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

ஏசி/டிசி என்ற குழு 1973இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தொடங்கியது. தொடங்கியவர்கள் மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறிய குடும்பம். குழுவுக்குப் பெயர் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? அவர்களுடைய அக்காவின் தையல் மெஷினில் எழுதியிருந்ததிலிருந்து. ஆங்கஸ் பள்ளிக்கூடப் பையன் போல அரைக்கால் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு மேடையில் குதிப்பாரே, அதுவும் அந்த அக்கா கொடுத்த யோசனைதான். ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து இரண்டு யோசனை சொன்னார், ஐம்பது வருடமாக அதை வைத்து உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஆல்பத்தின் அட்டையிலாவது அந்த அம்மாவின் படம் இருக்கிறதா? சரி, அது வேறு சொற்பொழிவு.

1974இல் பான் ஸ்காட் பாடகராக வந்தார். அவரும் ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். கொஞ்சம் கரகரப்பு, நிறையக் குறும்பு, கேட்கிறவனைப் பார்த்துக் கண்ணடிப்பது போன்ற குரல். 1979இல் வந்த ‘ஹைவே டு ஹெல்’ ஆல்பம் அமெரிக்காவிலும் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அடுத்த ஆல்பத்துக்கான மெட்டுகளைச் சகோதரர்கள் போட்டுக்கொண்டிருந்தபோது, 1980 பிப்ரவரி 19 அன்று, லண்டனில் நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் பான் ஸ்காட் இறந்துகிடந்தார். முந்தைய இரவு அளவுக்கு மீறிய குடி. வயது 33.

குழுவைக் கலைத்துவிடலாம் என்றுதான் பேசினார்கள். பானுடைய பெற்றோரோ, நீங்கள் நிறுத்தக் கூடாது, இன்னொருவரைப் பார்த்துத் தொடருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மகனைப் பறிகொடுத்த கையோடு இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. என்னை அறிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். ஆமாம், அதேதான்: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! அந்தச் சகோதரர்களின் சட்டியில் மெட்டுகள் இருந்தன. கிட்டார் அடிகள் இருந்தன. பான் சாவதற்குச் சில நாட்கள் முன்பு ஒத்திகைக்கு வந்து, பாடாமல் டிரம்ஸ் மட்டும் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் சிறுவயதில் டிரம்ஸ்காரர்தான். ஆக, அகப்பை பிடிக்க ஓர் ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் கிடைத்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தலைவர் அனுமதிக்க வேண்டும்.

1973. பான் ஸ்காட் அப்போது வேறொரு ஆஸ்திரேலியக் குழுவோடு இங்கிலாந்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் ‘ஜோர்டி’ என்ற ஆங்கிலேயக் குழுவின் கச்சேரியில் இவர்கள் முதலில் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்துவிட்டு, ஓரமாக நின்று ஜோர்டியின் பாடகரைப் பார்க்கிறார். மனிதர் பாடுகிறார். அலறுகிறார். தரையில் விழுகிறார். விழுந்து புரள்கிறார், காலை உதைக்கிறார், இன்னும் அலறுகிறார். பானுக்கு மெய்சிலிர்க்கிறது. கடைசியில் நாலு பேர் வந்து பாடகரை மேடையிலிருந்து அப்படியே கொண்டுபோகிறார்கள். ஆகா, இப்படி ஒரு முடிவை யாரும் யோசித்ததில்லையே என்று பான் அசந்துபோனார். பல வருடம் கழித்து ஆங்கஸிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாராம்: அமெரிக்கப் பாடகர் லிட்டில் ரிச்சர்டு பாணியில் பாடுகிறவன் ஒருவன் இருக்கிறான், அவனல்லவா பாடகன் என்று. விஷயம் என்னவென்றால், ஆங்கஸ் சொல்லும் கதைப்படி, அன்று அந்தப் பாடகருக்குக் குடல்வால் அழற்சி. வயிற்றுவலி தாங்காமல் துடித்திருக்கிறார். இவர் அதை நடிப்பென்று நினைத்துக் கைதட்டியிருக்கிறார்! (டாக்டர் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.)

அந்தப் பாடகர்தான் பிரையன் ஜான்சன். 1980இல் அவர் நட்சத்திரமெல்லாம் கிடையாது. ஜோர்டி கலைந்துவிட்டது. வட இங்கிலாந்தில், கார்களின் கூரைக்கு வினைல் உறை ஒட்டும் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். இரவில் உள்ளூர் மன்றங்களில் பாட்டு. கடையை மூடிவிட்டு நேரே மேடைக்குப் போவார். தலைமுடியில் ஒட்டியிருக்கும் பசையும் கண்ணாடித் துகளும் வேர்வையோடு கண்ணில் இறங்கும். பிரையனின் சகோதரர் ஒருநாள் தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். இன்றும் பிரையன் மேடையில் அந்த மாதிரித் தொப்பியோடுதான் நிற்கிறார்.

அவருக்கு லண்டனிலிருந்து ஒரு தொலைபேசி. ஜெர்மன் உச்சரிப்பில் ஒரு பெண் பேசுகிறார்: ஒரு குழுவுக்குப் பாடகர் தேர்வு நடக்கிறது, வாருங்கள். எந்தக் குழு? சொல்லக் கூடாது. முதலெழுத்தையாவது சொல்லுங்களேன் அம்மா. அந்த அம்மா ஏசியும் சொல்லி டிசியும் சொல்லிவிட்டார்! ரகசியம் காப்பாற்றிய லட்சணத்தைப் பாருங்கள். அப்போதும் பிரையன் போவதாக இல்லை. கடையை யார் பார்ப்பது? அப்புறம் வேறொருவர் கூப்பிட்டு, தூசி உறிஞ்சும் இயந்திர விளம்பரத்துக்கு ஒரு பாட்டு இருக்கிறது, லண்டன் வந்தால் காசு உண்டு என்றார். சரி, ஒரே செலவில் இரண்டு வேலை என்று கிளம்பினார்.

தேர்வு நடக்கும் இடத்துக்குப் போனவர், கீழ்த்தளத்தில் சாமான் தூக்கும் பையன்களோடு பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். மேலே குழுவினர், இந்த ஆளும் வரவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தார்கள். யாரோ விசாரிக்க, ‘நான்தான் பிரையன்’ என்று மேலே போனார். மால்கம் அவருடைய ஊர் பீர் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். என்ன பாடுகிறாய்? வந்தவர்களெல்லாம் பாடிச் சலித்த பாட்டைப் பாடாமல், டீனா டர்னர் பாடிய ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாடினார். பிறகு பானுடைய பாட்டு ஒன்று. ஏப்ரல் முதல் தேதி அறிவிப்பு வந்துவிட்டது. பான் போய் ஆறே வாரம்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பிரையனைக் கண்டுபிடித்தது யார்? பான் ஸ்காட்டின் காது! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒலிப்பதிவுக்குப் பஹாமாஸ் தீவுகளில் நசாவுக்குப் போனார்கள். கருவிகள் சுங்கத்தில் சிக்கின. புயல், இடி, மழை. தயாரிப்பாளர் மட் லாங்க். ஆறேழு வாரத்தில் பத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்துவிட்டார்கள். முதல் பாட்டு ‘ஹெல்ஸ் பெல்ஸ்’ ஒரு மணியோசையில் தொடங்குகிறது. அந்த மணிக்காக இங்கிலாந்தின் லஃபரோ நகரில், போர் நினைவுக் கோபுரத்து மணியைப் பதிவுசெய்யப் பார்த்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே இருந்த பறவைகள் படபடவென்று பறக்க, மணியை விடச் சிறகு சத்தம்தான் பதிவானது. பிறகு அதே ஊரில், ஜான் டெய்லர் வார்ப்பாலையில் இவர்களுக்காகவே வார்த்த மணியை அங்கேயே அடித்துப் பதிவுசெய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டினார்கள். ஒரு டன் மணி, இன்னும் பெரிய மணியாக ஒலித்தது. ஆரவாரமான குழு, செத்துப்போன நண்பனுக்காக முதலில் மணியடித்துவிட்டுத்தான் கிட்டாரைத் தொடுகிறது. அட்டை முழுக்கக் கறுப்பு. பதிவு நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. பெயரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும் போட ஒப்புக்கொண்டார்கள்.

‘பேக் இன் பிளாக்’ 1980 ஜூலையில் வெளிவந்தது. பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் நான்காம் இடம்தான், ஆனால் விற்பனை நிற்கவே இல்லை. 2019இல் அங்கே மட்டும் இரண்டரைக் கோடிப் பிரதிகளுக்குச் சான்று கொடுத்தார்கள். பானுடைய நோட்டிலிருந்த வரிகளும் இதில் இருக்கின்றன என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அட்டையில் யங், யங், ஜான்சன் என்றுதான் இருக்கிறது. எனக்கு இடறுவது வேறு: குடியில் போனவனுக்கு அஞ்சலியாகப் போட்ட ஆல்பத்தில், என் கணக்கில் ஒரு கிளாஸ் குடி என்று ஒரு பாட்டு. அது துணிச்சலா, அசட்டுத்தனமா என்று இன்னும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை.

பிரையன் பானைப் போலப் பாடிக் காட்டவில்லை. பான் கண்ணடித்தார் என்றால் இவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு உச்சத்திலேயே நின்றார். சட்டியில் என்ன இருந்ததோ அதுதான் வந்தது.

இரண்டாவது விஷயம், மற்ற குழுக்கள். அயர்ன் மெய்டன் 1982இல் புரூஸ் டிக்கின்சனோடு போட்ட ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஜர்னி குழு, மணிலாவில் பாடிக்கொண்டிருந்த ஆர்னல் பினேடாவை யூடியூபில் பார்த்து 2007இல் அழைத்துக்கொண்டது. லிங்கின் பார்க் 2024இல் எமிலி ஆம்ஸ்ட்ராங்கோடு ‘ஃப்ரம் ஸீரோ’ போட்டது. ஒவ்வொன்றும் தனிக் கதை. நேரமில்லை, ஏனென்றால் நான் காதுக்கு வந்தாக வேண்டும்.

2016 மார்ச். ஏசி/டிசி அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் இருக்கிறது. பிரையனிடம் மருத்துவர்கள் சொன்னார்கள்: இன்றோடு மேடையை நிறுத்துங்கள், இல்லையென்றால் காது முழுசாகப் போய்விடும். மீதியிருந்த பத்துக் கச்சேரிகள் தள்ளிவைக்கப்பட்டன. அவர் இடத்தில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் வந்தார். அவருக்கோ கால் முறிவு, ஆரம்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். முப்பத்தாறு வருடத்துக்கு முன் இன்னொருவர் இடத்தை நிரப்பிய பிரையன், இப்போது தன் இடத்தை இன்னொருவர் நிரப்புவதை வீட்டிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. தன் காதைக் கெடுத்தது கார்ப் பந்தயம்தான், காதடைப்பான் போட மறந்துவிட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். சின்னப் பஞ்சுத் துண்டு சைஸில் ஒரு சாமான்! அப்புறம், காதுக்குள் வைத்துக் கேட்கும் கருவிகளில் வல்லவரான ஒருவர் புதுக் கருவி செய்து கொடுத்து, 2020இல் ‘பவர் அப்’ ஆல்பத்தில் மறுபடி பாடினார். அவருக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். நம் மைக் செட் பையன்களுக்கு யார் கிடைப்பார்?

டாக்டர் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்கான ஒரு கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். நூறு டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். நம்மூர்க் கல்யாண மண்டபத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்கு முன் வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாயை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கிறது என்றால், கணக்குப் போடக் கருவியே வேண்டாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு வருடத்தில் பதினைந்து நாள் வரை நள்ளிரவு வரைக்கும் அரசு விலக்குக் கொடுக்கலாம். நம் தெருக்களில் அந்தப் பதினைந்து நாள் மாசியிலேயே தீர்ந்துவிடுகிறது.

நான் சத்தத்துக்கு விரோதி இல்லை. ‘பேக் இன் பிளாக்’கைப் பூனை நடை போடும் ஒலியில் கேட்பவன் அதைக் கேட்கவே இல்லை என்பேன். சத்தத்தைத் தொழிலாகக் கொண்டவர்களே இதைப் பேசுகிறார்கள். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் காதிரைச்சலைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, இளைஞர்களை எச்சரித்தவர்.

மூன்றாவது விஷயம், ரசிகர்களைப் பற்றியது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், ஆகவே அது அடுத்த மாதம்.

வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. நகராட்சிப் பள்ளிகளில் ஆண்டுக்கொரு முறை செவித்திறன் சோதனை, திருவிழா நாட்களில் மைக் செட் தொழிலாளர்களுக்கு இலவசக் காதடைப்பான், மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டருக்கு ஒலிபெருக்கிக்கு அனுமதி மறுப்பு, இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து டாக்டர் அம்மா போட்டுவிட்டார்கள். இரண்டாவது இடத்தை நகர்மன்ற உறுப்பினர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். மனுவை வாங்கிக்கொள்ளப் போகிறவரும் அவர்தான், அதனால் கையெழுத்தைப் போட்டுவிட்டே எடுத்துக்கொண்டு போகலாம். மற்றவர்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.