பச்சை மரமும் இலை கொட்டும்

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தை வெட்டிவிடலாமா என்று போன வாரம் ஒரு பேச்சு வந்தது. தினமும் கூட்டியும் சருகு ஓயவில்லை, மரத்துக்குச் சீக்கு வந்துவிட்டதோ என்று அக்காமார் சிலர் பயந்தார்கள். அதனால்தான் இன்று இலையைப் பற்றிப் பேச வந்தேன்.

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் ரப்பர் மரம் சீவிய கைகள் நிறைய உண்டு. அந்த அமேசான் காட்டுப் பால்மரத்தை 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்டார்கள். வருடத் தொடக்க வெயிலில் அதன் இலையெல்லாம் பழுத்து உதிர்ந்து தோட்டமே மொட்டையாகும். அப்புறம் செம்புநிறத் தளிர் வரும். மரம் தன் சர்க்கரையைத் தளிருக்கே செலவழிப்பதால் அந்த வாரங்களில் பால் குறையும், கூலியும் குறையும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமரம் அப்படி மொத்தமாகக் கொட்டாது. ஒரு கிளை தளிர்விடும்போது பக்கத்துக் கிளை சும்மா நிற்கும். பழைய இலை விழுவதற்குள் புதியது வந்துவிடுகிறது. நாம் பார்க்கிற பச்சை வருடா வருடம் அதே பச்சை இல்லை. கலிபோர்னியா மலைகளில் பிரிஸ்டில்கோன் என்ற பைன் மரத்தின் ஊசியிலை 30 ஆண்டுக்கு மேலும் இருக்கும். அதுவும் ஒருநாள் உதிரத்தான் செய்யும்.

காற்றடித்துப் பிய்ந்து விழுவதாக நினைக்காதீர்கள். உதிர்ப்பது மரம் செய்கிற வேலை. நல்ல இலையிலிருந்து ஆக்சின் என்ற ஊக்கி காம்பு வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வரத்து இருக்கும்வரை காம்பின் பிடி விடாது. இலை மூப்படைந்து வரத்து குறைந்ததும் எத்திலின் வாயுவின் கை ஓங்கும். வாழைக்காயைப் பழுக்க வைக்கிறதே, அதே வாயுதான். காம்படியில் ஒரு மெல்லிய அடுக்கு கரைந்து இளகும். அதற்கு முன்பே இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸில் ஏறக்குறையப் பாதியை மரம் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாவது அந்த நேரத்தில்தான். காம்பு கழன்ற இடத்தைத் தக்கை போன்ற படலம் மூடிவிடும். மாங்கிளையைத் தடவிப் பாருங்கள், அந்தத் தழும்புகள் விரலில் படும். எனக்கு இது எத்தனை முறை பார்த்தாலும் வியப்புதான்.

எண்ணெய் எடுக்கும் செம்பனை வேறு மாதிரி. மாதத்துக்குச் சுமார் இரண்டு மட்டை புதிதாக விரியும். காய்ந்த மட்டை சீக்கிரம் கழன்று விழாமல் தொங்கும். குலை வெட்டும் தம்பிமார் அதை அறுத்து வரிசைக்கு நடுவே அடுக்குகிறார்கள். அங்கேயே மட்கி உரமாகிறது. மாஞ்சருகையும் அப்படி மரத்தடியில் குவிக்கலாமே. கொளுத்தினால் மரம் விட்டுக்கொடுத்த மீதி நைட்ரஜன் புகையோடு போய்விடும்.

சரி, மரத்துக்குச் சீக்கா? சீக்கு என்றால் நுனிக்கிளை காய்ந்து தளிர் நின்றிருக்கும். இங்கே மேற்குக் கிளையில் இப்போதுகூடச் செந்தளிர் துவண்டு தொங்குகிறது. கூட்டம் முடிந்ததும் வாருங்கள், காட்டுகிறேன்.